பில்லில் இல்லாத குழாய்

காலை 10.20. தையற்காரப் பெண்ணின் மூக்கிலிருந்து டாக்டர் இடுக்கியால் இழுத்தெடுத்தது ஒரு சிலிகான் குழாய். நூல் தடிமன்தான். கண்ணீர்ப் பாதை அடைத்தவர்களுக்கு, திறந்த பாதை மறுபடி மூடிக்கொள்ளாமலிருக்க வைப்பது. சில மாதங்களில் எடுத்திருக்க வேண்டியது, ஒரு வருடமாகக் கிடந்து சீழ் கட்டியிருந்தது.

கூத்து என்னவென்றால், பில்லின்படி அவளுக்குக் குழாயே வைக்கவில்லை. அவளுக்கு ஆபரேஷன் நடந்த சமயத்தில்தான் ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஒரு குழாய் குறைந்து, ஸ்டோர்க்காரருக்குத் திருட்டுப் பட்டம் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பாவம், பெற்ற மகளே அதை நம்பிவிட்டாள்.

விசாரிக்க வந்தவர் தணிக்கை அம்மாள். ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'.

"குழாய் வெச்சது நீங்கதானா, டாக்டர்?"

"நானேதான். குறிப்புல எழுதியும் குடுத்தேன்."

"ஸ்டோர்க்காரரை அனுப்பினப்ப சொல்லலியே?"

"என்னை யாரும்மா கேட்டாங்க? கையிருப்பை பில்லோட வெச்சுத்தானே சரிபார்த்தாங்க."

தையற்காரப் பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு புலம்பினாள். "குழாய் எடுக்க நாங்களே கூப்பிடுவோம்னாங்க. யாரும் கூப்பிடல." கூப்பிடும் பட்டியலும் பில்லைப் பார்த்துத்தான் தயாராகும்.

11.45. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை. போட்டிருப்பவர் அதே ஸ்டோர்க்காரர். பூதக்கண்ணாடி ஒரு டீ வாங்கிக்கொண்டு கேட்டார்.

"உள்ள இருக்கறவங்க யாராச்சும் வர்றாங்களா?"

"எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. பில் போடற அம்மா மட்டும் தினமும் வருவாங்க. டீயைக் குடிச்சிட்டு என் மூஞ்சியைப் பாக்காமலே போயிடுவாங்க."

12.10. பில் போடும் அறை.

"கை தவறிடுச்சு மேடம். ஒரு நாளைக்கு எத்தனை பில்! குழாய்ங்கிற ஒரு வரி விட்டுப் போச்சு."

பூதக்கண்ணாடி நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

"குழாய்க்குத் தனி வரியே கிடையாதே. அடைப்பை மட்டும் எடுத்தா பில்லுல ஒரு குறியீடு. குழாயும் வெச்சா வேற குறியீடு, எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். விட்டுப் போக அங்க என்ன இருக்கு? தெரிஞ்சேதான் மாத்திப் போட்டிருக்கீங்க."

பில்காரம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"குழாய்னு போட்டா காப்பீட்டுல பாதிதான் வரும். மீதிக்குத் தையல் மெஷினை வித்துடறேன்னு அந்தப் பொண்ணு அழுதா. மனசு கேக்கல மேடம். நல்லதுன்னு நெனச்சு செஞ்சேன். அவ கண்ணையே கெடுத்துட்டேனே!"

"ஸ்டோர்க்காரர் போனப்ப?"

"பயந்துட்டேன். இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் தினமும் டீக்கடைக்குப் போவேன். வாயே வரல."

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் பூதக்கண்ணாடிக்குத் துளியும் இல்லை. கையிருப்பு குறைந்த அன்றே யாராவது டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பில்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ஸ்டோர்க்காரர் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? என் பொண்ணுகிட்ட சொல்லுங்க." மகளின் எண்ணைப் போட்டுத் தன் போனை பில்காரம்மாவிடம் நீட்டினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"என் நம்பர்னா எடுக்க மாட்டா," என்றார் அவர். "உங்க போன்லேருந்து போடுங்கம்மா."