பாசி எடுக்க வந்தவள்

காலையில் கத்தியால் சுரண்டி, சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்த முற்றத்துக் கல், மத்தியானம் சோறு வடிப்பதற்குள் மறுபடியும் பச்சையாகக் கிடந்தது. சத்தியபாமாவுக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பை பறந்துபோய் முற்றத்தில் விழுந்தது.

முற்றம் முழுவதும் பச்சை பிடித்திருந்தால் மழையைத் திட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஐப்பசி பிறந்துவிட்டால் தை வரைக்கும் மழைதான். சுவர், கூரை, உடுத்த சேலை எல்லாமே பூஞ்சணம் மணக்கும். ஆனால் இங்கே எல்லாம் ஒரே கல்லிலிருந்து தொடங்கியது. மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் இருந்த அந்தக் கருங்கல்லில் முளைத்து, மற்றக் கற்களுக்கு விரல் விரலாக நீண்டது. வீட்டுக்கும் தனியாக நின்ற சமையலறைக்கும் நடுவில் வேறு வழியும் கிடையாது. போன கிழமை கைக்குழந்தையோடு போகும்போது அந்தக் கல்லில்தான் கால் வழுக்கியது. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தாள். அவன் தலை கல்லில் படாமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ.

அவள் புருஷன் கனகரத்தினம் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். விஷயத்தைச் சொன்னபோது பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், பார்த்து நடக்கச் சொன்னார். துரை தும்மினால் குடையோடு ஓடுகிற மனுஷன், பெற்ற பிள்ளை மண்டை உடைந்து சாகப் பார்த்தால் பார்த்து நட என்கிறார். அன்றிலிருந்து அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொழிலாளர் லயத்திலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பிரான்சிஸ்காவோ அதற்கு மேல். எல்லாக் கல்லையும் முழங்காலில் நின்று தேய்ப்பாள், கானோரத்துக் கல்லை மட்டும் தொடமாட்டாள். சத்தியபாமா வாய்க்கு வந்தபடி ஏசிப் பார்த்தாள். மூதேவி என்றுகூடச் சொன்னாள். பிரான்சிஸ்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வேலைக்காரியின் அந்தப் பார்வை சத்தியபாமாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஆகவே தானே சுரண்டினாள். இடுக்குச் சேற்றைக் கத்தியால் தோண்டியபோதுதான் அந்தச் சின்ன மணிகள் வந்தன. நீலமும் கறுப்பும். கழுவினால் கண்போலப் பளபளத்தன. இத்தனை பாட்டுக்கு இதாவது கிடைத்ததே என்று நூலில் கோத்து, நாவூறு படாமலிருக்கப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டினாள். அவன் இழுத்து வாயில் போட்டுவிடாதபடி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள்.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம்தான் அந்தக் குரல் முதலில் கேட்டது. மலையிலிருந்து இறங்கிய மூட்டம் வேலியை விழுங்கி, கொய்யாமரத்தை விழுங்கி, கூரைத் தகரத்தில் சொட்டும் தண்ணீரின் சத்தத்தை மட்டும் விட்டு வைத்திருந்தபோது, வேலியின் பின்படலைப் பக்கமிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டது: "அம்மா, பாசிய எடுத்துக்கவா?"

லயத்துப் பேச்சு. சில்லறைக்காக முற்றம் தேய்க்க வந்த யாரோ என்று நினைத்தாள் சத்தியபாமா. விடிந்தபிறகு வரச் சொன்னாள். மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. இந்த முறை குரல் கொய்யாமரத்துக்கு இப்பால் இருந்தது. நாள்பட மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல ஈரவாடை ஒன்று அடித்தது. எட்டிப் பார்த்தாள். யாருமில்லை.

இன்று மூட்டம் மத்தியானமே இறங்கிவிட்டது. அகப்பையை எடுக்கக் குனிந்தவளின் முழங்கால் உயரத்தில், கானோரத்துக் கல்லடியிலிருந்தே குரல் வந்தது.

"அம்மா, பாசிய எடுத்துக்கவா?"

அறைக்குள் பிள்ளை வீரிட்டு அழுதான். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசம். கல் பச்சை. எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"எடு. எடுத்துக்கொண்டு துலைஞ்சு போ. கேட்டுக் கேட்டு உயிரை வாங்காதை."

"சரிங்கம்மா."

பிள்ளையின் அழுகை நின்றது. அப்பாடா என்று சோற்றை இறக்கினாள்.

முன்வழியால் விறகோடு பிரான்சிஸ்கா வந்தாள். சத்தியபாமா விடவில்லை. உன் லயத்துப் பிள்ளை ஒருத்தியே மேல் என்றும், பாசி எடுக்கவா என்று நாளாந்தம் கேட்டு வருகிறாள் என்றும், நீயும் ஒரு வேலைக்காரியா என்றும் பொரிந்து தள்ளினாள்.

விறகுக்கட்டு கீழே விழுந்தது.

"பாசின்னுதானா கேட்டா?" என்றாள் பிரான்சிஸ்கா. "அது கல்லுல புடிக்கிறது இல்லீங்கம்மா. கழுத்துல போடுற மணியத்தான் எம் புள்ள பாசின்னு சொல்லுவா."

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். முந்திய கிளாக்கர் காலத்தில், இதே மாதிரி ஒரு மழைநாளில், தாயைத் தேடி வந்த அவள் மகள் றீட்டா அந்தக் கல்லில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மண்டை பிளந்து, மணிமாலை அறுந்து சிதறி, மூச்சு அடங்கும்வரைக்கும் விரல்களால் கல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்போதிருந்த வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, ஐயா சாப்பிட வருகிற நேரம், ரத்தம் நாறப்போகிறது என்றாளாம்.

"என்னையத்தாங்க கழுவச் சொன்னாங்க. எம் புள்ள ரத்தத்த." பிரான்சிஸ்காவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தாடை இறுகியிருந்தது. "அவ கேட்டதுக்கு நீங்க என்னங்க சொன்னீங்க?"

சத்தியபாமாவுக்குப் பிள்ளையின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. முடிச்சுமேல் முடிச்சு.

ஓடினாள்.

சேலையில் கட்டிய ஏணை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டாள். ஈரம். வெறும் ஈரம்.

தரையில் ஒரு பச்சைக் கோடு. கட்டிலடியால். வாசல்படியால். முற்றத்துக்கு.

முற்றம் வெளுத்துப்போய்க் கிடந்தது. இத்தனை நாள் தேய்த்தும் வராத வெள்ளை. ஒரு கல்லிலும் பாசியில்லை. கானோரத்துக் கல்லில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, இளம்பச்சையாக ஒரு திட்டு.

விழுந்து கல்லைப் பிராண்டினாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கத்தி நுனி போகிற இடைவெளிதான். நகம் பிய்ந்தது. இன்னொன்று. சத்தம் போடப் பார்த்தாள். தொண்டையில் காற்றுத்தான் வந்தது.

"சத்தியா."

பின்னால் கனகரத்தினம். மூட்டத்தில் நனைந்து, முகமெல்லாம் சிரிப்பு. கையில் வாளி. தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கிற மயில்துத்தத்தைக் கரைத்துத் துரைக்குத் தெரியாமல் கொண்டு வந்திருந்தார்.

"இனி இந்தப் பாசியால உமக்கு ஆக்கினை இல்லை. இது பட்டால் வேரோட கருகிப்போகும். எழும்பும், ஊத்தப் போறன்."

அவள் திட்டின்மேல் இரண்டு கைகளையும் விரித்து மூடினாள். தலையை ஆட்டினாள். கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்திருப்பார். கதவடியில் நின்ற பிரான்சிஸ்கா எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

திட்டு சூடாக இருந்தது. கல்லின் சூடு அல்ல. இழை இழையாக, பூஞ்சை மயிர்போல மெதுமெதுவென்று இருந்தது. அதன் நடுவில் ஒரு சின்னப் பள்ளம், கைக்குழந்தையின் உச்சிக்குழி மாதிரி, எழும்பி எழும்பித் தாழ்ந்தது.

வாளி சரிந்தது. நீலத் தண்ணீர் அவள் விரல்களுக்கு நடுவால் இறங்கியது. உள்ளங்கைக்குக் கீழே துடிப்பு வேகமாயிற்று.