கல்லறைப் பட்டியலில் மூணு பேர் அதிகம்

நாற்பத்தொரு பேர்தான் வரணும். நாற்பத்துநாலு வந்தது.

சகாயசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லறைத் திருநாளும் அதுவுமா இந்த எழவு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது! ஆறு மணிக்குக் கல்லறைகளை மந்திரிக்கும்போது வாசிக்க, இந்த வருஷம் இறந்தவங்க பட்டியல் ஃபாதர் கையில் இருக்கணும். அவள் வேலை பார்க்கும் சர்ச் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தின் சாமந்தி வாசமும், உருகும் மெழுகு நாற்றமும், குடும்பம் குடும்பமாக வந்திருந்தவர்களின் ஜெபச் சத்தமும் கலந்து வந்துகொண்டிருந்தன.

கடைசி மூணு வரியைப் பார்த்தாள். லூர்துநாதன், பெனிஷா, சகாயசெல்வி. அவள் புருஷன், மகள், அவள். இறந்த தேதி: இன்று.

ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்த ஜெரினுக்குப் போன் போட்டாள்.

"என்னடா குவெரி எழுதி வெச்சிருக்க? உயிரோட இருக்கறவங்கள சாகடிக்குது!"

"குவெரி சரிதான்க்கா. எறந்த தேதி இருந்தா எடுக்கும். யாரு தேதி போட்டாங்கன்னு பாருங்க."

பார்த்தாள். அவளேதான்.

போன மாசம் மாமனார் கல்லறையில் மூணு பேருக்கும் இடம் முன்பதிவு செய்தாள். இறந்த தேதியைக் காலியாக விட்டால் ஃபாரம் சேவ் ஆகவில்லை. எதிரே ஆட்கள் காத்திருந்தார்கள். அப்புறம் மாத்திக்கலாமென்று, எரிச்சலில், மனசுக்கு வந்த கல்லறைத் திருநாள் தேதியைத் தட்டிவிட்டாள்.

"சனியன் புடிச்ச ஃபாரம்!"

தேதியை அழித்தாள். நாற்பத்துநாலு. வரிகளையே நீக்கினாள். நாற்பத்துநாலு. லூர்துநாதனுக்கும் பெனிஷாவுக்கும் 'முன்பதிவு' என்றிருந்தது, 'அடக்கம் முடிந்தது' என்று மாறியிருந்தது.

லூர்துநாதனைப் போனில் கூப்பிட்டாள். எடுத்தான். அப்பாடா.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"அப்பா கல்லறைகிட்டதான். பெனிஷா மெழுகுவத்தி ஏத்தறா."

"அவள இழுத்துக்கிட்டு வெளிய வாங்க. இப்பவே!"

"வரேன், ஏன் கத்தற?"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடினாள். கூட்டம். புகை. ஜெபம். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

மாமனார் கல்லறை. மெழுகுவத்திகள் எரிந்தன. பக்கத்தில் ஆள் இல்லை. மூடுகல்லின் ஓரத்தில் புதுச் சிமெண்ட். ஈரம்.

"செல்வி," போனில் லூர்துநாதன். "திடீர்னு ஏன் இவ்ளோ இருட்டாயிடுச்சு?"

அவன் பக்கத்தில் மகள் குரல். தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல.

"தள்ளிப் படுங்கப்பா. அம்மாவும் வரணுமில்ல."