வலப்பக்கம் போன குடிசை

சுவரில் சட்டம் தொங்கியது. கண்ணாடியும் இருந்தது. உள்ளே இருந்த படத்தைத்தான் காணவில்லை.

"மக்கா!" நேசம்மாள் போட்ட சத்தத்தில் மகள் ஜெபகுமாரி ஓடிவந்தாள்.

1953. அருமனைக்குப் பக்கத்தில், ஓடைப் பாலத்தில் நின்று நீர் வரும் திசையைப் பார்த்தால் இடப்பக்கம் அவர்கள் குடிசை. வலப்பக்கம் ரப்பர் தோட்டம். போன வருடம்தான் தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடிசை போட்டார்கள் என்று முதலாளி வழக்குப் போட்டிருந்தார். இருபது வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்பதற்கு அந்தப் பழைய படம் ஒன்றே சாட்சி. பாலத்தில் நின்று எடுத்தது. மதியம் இடத்தைப் பார்க்கக் கோர்ட் கமிஷனர் வருகிறார். தோற்றால் குடிசையைப் பிரித்துவிடுவார்கள்.

ஜெபகுமாரி அழவில்லை. அந்தக் குடும்பத்தில் முதல் பி.ஏ. அவள். அவள் அழுவதைப் பார்க்கத் தோட்டத்தில் பலர் காத்திருந்தார்கள்.

"நேத்து யாரும்மா வந்தது?"

"சாயங்காலம் டைட்டஸ் வந்தான், கண்ணாடியத் தொடச்சுத் தாறேன்னு. அப்பம் பக்கத்து வீட்டு நேசபாய் தீக்கங்கு கேட்டு வந்தா. வேற யாரு வாறா இங்க? எனக்குக் கண்ணும் சரியாத் தெரியல்ல."

டைட்டஸ் குழித்துறையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். படத்தை எடுத்தவர் அவன் அப்பா. ஜெபகுமாரி முதல் பஸ் பிடித்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுப் படத்துக்க கண்ணாடி நெகட்டிவ் உண்டுமா?"

"அப்பா காலத்து நெகட்டிவ் எல்லாம் வெள்ளத்துல போச்சு தங்கச்சி. ஒண்ணுகூட மிச்சமில்ல."

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு நேசபாய் வாசலிலேயே குதித்தாள். "ஏட்டி, கெடச்சாச்சு! கட்டிலுக்கு அடியில கெடந்து. எலி இழுத்துப் போட்டிருக்கும்."

அதே பழுப்பு. பால் பிடிக்கும் சிரட்டைகளோடு ஒரு ரப்பர் மரத்தடியில் நிற்கும் அதே இளவயது அம்மா. சரியாகப் பார்ப்பதற்குள் கமிஷனரின் கார் வந்துவிட்டது. கூடவே தோட்டத்துக் காரியஸ்தர் பொன்னுலிங்கம். இடத்தைப் படம் எடுக்க அவர் கூலிக்கு அமர்த்திய டைட்டஸ், கேமராவோடு.

கமிஷனர் பாலத்தில் நின்று படத்தைப் பிடித்துப் பார்த்தார். "தண்ணீர் நம்மைப் பார்த்து வருது. சரி. ஆனா குடிசை வலப்பக்கம் இருக்கே?"

"நாங்க சொன்னா நம்ப மாட்டிய. அவிய படமே சொல்லுகு," என்றார் பொன்னுலிங்கம். "பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு எடமும் வலமும் தெரியல்லியா?"

"ஏசுவே, நம்ம வீடு எப்பிடி அங்க போச்சு?" என்று கேட்டாள் நேசம்மாள்.

ஜெபகுமாரி படத்தை வாங்கினாள். எல்லோரும் குடிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தது அம்மாவுக்குப் பின்னால் நின்ற மரத்தை. கல்லூரிக்குப் போகும்வரை விடிகாலையில் அம்மாவோடு ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால்வெட்டிய கை அவளுடையது.

"சார், இங்க வாங்க." பாலத்தையொட்டி நின்ற ரப்பர் மரத்தைக் காட்டினாள். "வெட்டு இடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ இறங்கும். அப்பிடி வெட்டினாத்தான் பால் நல்லா வரும். எந்த மரத்த வேணும்னாலும் பாருங்க."

கமிஷனர் நாலைந்து மரங்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே சாய்வு.

"இப்பம் படத்தப் பாருங்க."

படத்தில் வெட்டு வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் இறங்கியது.

"அப்பிடி வெட்டுனா அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிருவாவ. மரம் மாறல்ல சார். நெகட்டிவப் பொரட்டிவச்சு அச்சடிச்சிருக்கு." அவள் படத்தின் முதுகை முன்னால் திருப்பி, வெளிச்சம் ஊடுருவ வெயிலுக்கு எதிரே பிடித்தாள். குடிசை இடப்பக்கம் வந்து நின்றது. "வெள்ளத்துல போன நெகட்டிவ்ல எப்பிடி அச்சடிச்சிய, டைட்டஸ் அண்ணே?"

டைட்டஸ் பொன்னுலிங்கத்தைப் பார்த்தான்.

"தொடைக்க வந்து நல்ல படத்த எடுத்தாச்சு. இத மாட்டுமுன்ன நேசபாய் வந்துட்டா. பயத்துல இதக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வெறுஞ்சட்டத்த மாட்டினிய. படம் தொலைஞ்சா அம்மா பேச்சாவது மிஞ்சும். படமே மாத்திச் சொன்னா அதும் போச்சு. அதானே கணக்கு?"

"அண்ணாச்சி சொல்லித்தான்..."

"ஏலே, வாய மூடுலே!" பொன்னுலிங்கம் கத்தினார். கத்திய பிறகுதான் கமிஷனர் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

"கேமராவைக் கீழே வை," என்றார் கமிஷனர் டைட்டஸிடம். "அசல் படமும் நெகட்டிவும் இன்றைக்கே என் கைக்கு வரணும்." ஜெபகுமாரி பக்கம் திரும்பினார். "நீ சொன்னதை எழுதிக்கொள்கிறேன் அம்மா."

"என்கிட்ட ஏன் சார்?" அவள் கோபம் இன்னும் அடங்கவில்லை. "இருபது வருசம் இங்க கெடந்தவ முன்னால நிக்கா. வந்ததுல இருந்து நீங்க படத்துக்கிட்டதான் கேட்டிய. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல."

கமிஷனர் நேசம்மாளை நேராகப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க அம்மா."

நேசம்மாள் பொன்னுலிங்கத்துக்கு நேராக வந்து நின்று சொல்லத் தொடங்கினாள்.