காலைப் பிடித்துவிட்ட ஆவி

"அக்கா... போகாதீங்க... காலப் புடிங்க!"

பெண்கள் வாட்டிலிருந்து அலறல்!

நேர்ஸ் சுகந்தினி கையிலிருந்த, இன்னும் கொளுத்தாத லாம்பை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள்.

நெடுங்கேணிக் காட்டோரம் ஒரு சின்ன தரும ஆஸ்பத்திரி அது. பொழுதுபட்டதும் ஜெனரேற்றரை நிற்பாட்டுவார்கள். லாம்பு கொளுத்தும்வரை வாட்டு இருட்டாகக் கிடக்கும்.

அந்த இருட்டில்தான் அலறினாள் அழகம்மா. காலையில் வயிற்றில் ஒப்பரேசன் செய்த மலையகத்து மனுசி.

"ஆரம்மா வந்தது?"

"வெள்ளச் சீல கட்டுன அக்கா. பாதத்தப் புடிச்சுவிட்டாங்க. மூச்ச மெல்ல இழுத்து விடச் சொன்னாங்க. வலி தெரியாமக் கண்ண மூடிட்டேன்... முழிச்சா ஆளக் காணோம்."

சுகந்தினிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

வெள்ளைச் சேலை... பாதம் பிடிப்பது... "இராசமலரோ?" வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

சண்டைக் காலத்தில் ஊசி இல்லாமல் துடித்தவர்களுக்கு இப்படித்தான் காலைப் பிடித்துவிடுவாள், நேர்ஸ் இராசமலர். இதே வாட்டில் ஷெல் விழுந்து செத்தவள். சுகந்தினியின் உயிர்ச் சிநேகிதி.

பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

"ஆவிக் கதையை விடு!"

பின்னால் டொக்டர் ராஜரத்தினம்.

"பெத்தடின் ஊசி எங்கை? வலியிலை சனம் துடிக்குது. அலுமாரியிலை ஒண்டும் மிச்சமில்லை. சாவி உன்ர இடுப்பிலைதானே கிடக்கு?"

"நான் எடுக்கேல்லை டொக்டர்."

"அப்ப எடுத்த ஆளைக் காட்டு. நாளைக்குப் பின்னேரம் வரைதான் பொறுப்பன். பிறகு பொலிஸ்."

வேலை போனால் கஞ்சி குடித்துக் கிடக்கலாம். கள்ளி என்ற பெயரோடு எங்கே போய்க் கிடப்பது?

மறுநாள் பொழுதுபட்டது. ஜெனரேற்றர் நின்றது.

சுகந்தினி டோர்ச்சோடு வாட்டு வாசலுக்கு வந்தாள். குனிந்தாள்.

வாசலில் ஒரு சோடி செருப்பு...

அந்த வாட்டுக்குள் செருப்போடு போக யாருக்கும் மனம் வராது. ஒப்பரேசன் செய்தவர்கள் படுக்கும் இடம். கோயில் மாதிரி வாசலிலேயே கழற்றிவிடுவார்கள்.

செத்தவள் செருப்புப் போட்டுக்கொண்டா வருவாள்?

நெஞ்சுக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. மலர் வரவில்லை. இனி வரவும் மாட்டாள்.

டோர்ச்சை அடித்தாள்.

அழகம்மாவின் காலடியில் வெள்ளைச் சேலையில் கமலாசனி. டொக்டரின் மனைவி!

"அக்கா... நீங்களோ?"

"சத்தம் போடாதை பிள்ளை. இப்பதான் நித்திரையாகிறா."

"ஊசியும் நீங்களோ எடுத்தனீங்கள்?"

கமலாசனி தலையைக் குனிந்தாள்.

"ஓம். நான்தான்."

"சாவி என்னட்டை. நீங்கள் எப்பிடித் திறந்தனீங்கள்?"

கமலாசனி வாசல் பக்கம் பார்த்தாள்.

வாசலில் காலடிச் சத்தம். டொக்டர்!

"என்ன, பேயைப் பிடிச்சிட்டியோ?" என்றவர் மனைவியைக் கண்டு அப்படியே நின்றார்.

சாவி சுகந்தினியின் இடுப்பைவிட்டு இறங்குவது ஒப்பரேசன் நாளில் மட்டும்தான். அதை வாங்கும் கை ஒரே ஒரு கை.

அவள் டோர்ச்சைத் திருப்பினாள்.

"டொக்டர்... சேட் கையை ஒருக்கா மடிச்சுக் காட்டுங்கோ."

அவர் மடிக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"போன வருசம் இவருக்கு முதுகு ஒப்பரேசன்," கமலாசனி அழுதாள். "நோவுக்குப் போட்ட ஊசி. நோ போயிட்டுது, ஊசி போகேல்லை. நான் காலைப் பிடிச்சுவிட்டா உதறிவிடுறார். இந்தச் சனத்தின்ர ஊசியை என்ர மனுசன் எடுக்கேக்கை நான் எப்பிடிப் படுப்பன்? எனக்குத் தெரிஞ்சது காலைப் பிடிக்கிறதுதான். அதுதான் வந்தனான்."

டொக்டர் ஸ்டூலில் பொத்தென்று இருந்தார்.

"என்னைப் பொலிஸிலை குடுக்கப் போறியோ சுகந்தினி?"

தன்னைக் கள்ளியாக்கப் பார்த்த ஆள். கோபம் கொதித்தது. ஆனால் வேர்த்து ஒழுகும் அந்த முகம்... நோவில் கிடப்பவனின் முகம். அதை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லுவியள். நானும் கூட வாறன்."

"இண்டைக்கு?"

"ஆம்பிளையள் வாட்டிலை ஒரு கட்டில் சும்மா கிடக்கு. போய்க் காலை நீட்டுங்கோ டொக்டர், பிடிச்சுவிட உங்கட ஆவி பின்னாலை வரும்!"