இல்லை என்று எழுதப்பட்டவள்

சாணம் மெழுகிய தரையில் ஈரக் காலடிகள். அவை வாசலிலிருந்து வரவில்லை. வீட்டின் நட்டநடுவில் தொடங்கி, மூலையில் அடுக்கியிருந்த பானைகளை நோக்கிப் போயின.

பத்து வயது தேவகி பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். எதையும் அளந்தால்தான் நம்புவாள் அவள். காவாந்தண்டலத்தில் எந்தக் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், ரஷ்யாக்காரன் வானத்துக்கு அனுப்பின நாயின் பெயர் என்ன, எதைக் கேட்டாலும் நின்ற இடத்தில் சொல்வாள். இந்தக் காலடி ஐந்தரை அங்குலம். நாலு வயதுப் பிள்ளையின் கால். வீட்டில் அப்படி யாரும் இல்லை. அம்மா செல்லாயி நாற்று நடப் போயிருந்தாள். ஐப்பசி மழை ஓலைக்கூரையின் மேல் விடாமல் பெய்ய, ஊறிய ஓலையின் மக்கல் வாடையும் அணைந்த அடுப்பின் சாம்பல் வாடையும் கலந்து, பட்டப்பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது.

பானைகளுக்குப் பின்னால் யாரோ விரலால் தட்டினார்கள். மூன்று தரம். நிறுத்தி, மறுபடி மூன்று.

நாலு வயதில், அம்மா வேலைக்குப் போனபின் தனியாகக் கிடந்த தேவகி தானாக உண்டாக்கிக்கொண்ட தோழி அம்முலு. அவள் இப்படித்தான் தட்டுவாள். பள்ளியில் சேர்ந்ததும் 'அம்முலு இல்லை' என்று சிலேட்டில் எழுதி, எச்சில் தொட்டு அழித்தாள் தேவகி. அதோடு அவள் போய்விட்டாள்.

"எலிதான்," என்று உரக்கச் சொன்னாள்.

"எலி எண்ணுமா?" என்றது பானைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நீதான் எண்ணக் கத்துக்குடுத்தே. அப்பால இல்லன்னு எழுதிட்டே. அஞ்சு வருசமா இல்லாம கீறேன், தேவகி. இப்ப நீ இல்லாம இரு."

ஓடினாள். வாசல் படலைத் தள்ளினாள். அசையவில்லை. தட்டினாள். சத்தமில்லை.

படலைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். சேற்றுக்காலோடு தேவகியைத் தாண்டிப் போனாள்.

"யார்கூட பேசிக்கினு கீற?"

"யாரும் இல்லம்மா."

தேவகியின் குரல். தேவகி வாயைத் திறக்கவே இல்லை.

பானைகளுக்குப் பின்னாலிருந்து அது எழுந்து வந்தது. இப்போது தேவகியின் உயரம். தேவகியின் பாவாடை. தேவகியின் பின்னல். நாலு வயதில் அம்முலுவுக்கு முகம் ஒன்று வைக்கத் தேவகிக்குத் தோன்றவில்லை.

அம்மா அதை மடிக்கு இழுத்து முந்தானையால் துடைத்தாள். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. உரித்த முட்டை போல வெறும் தோல்.

தேவகி அலறினாள்.

"இன்னா காத்து," என்றாள் அம்மா. அந்தத் தோலை இரண்டு கையாலும் ஏந்தி, ஆசையாகப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்டியே உங்க நைனா மூஞ்சி."