நிமிடத்துக்கு முப்பத்தெட்டு

சுங்கை ரம்பாய் மருந்தகத்தைத் திறந்தபோதே முத்தாயி வாசலில் நின்றிருந்தாள். ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவள். கணவன் ரங்கசாமியைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

“நான் குடுத்த கசாயத்துலதான் செத்தாராம் ஐயா. தோட்டத்துல மருந்து குடுக்குற டிரசர் அப்புசாமி போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு. இன்னிக்கு போலீஸ் சார்ஜன் வராராம். என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா?”

மருந்தகப் பொறுப்பாளர் மரியசூசை அவளை உட்காரச் சொன்னார். 1957 ஜூன் மாதம் அது. எந்தத் தொழிலாளர் லயத்தைப் பார்த்தாலும் ஃபுளூ.

“அந்தக் கசாயத்தை வேற யாரு குடிச்சது?”

“நானும்தான் குடிச்சேன்.”

“அவருக்கு எப்படி ஆரம்பிச்சது?”

“பால் தூக்கிட்டு வர்றப்பவே திடீர்னு காய்ச்சல். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. அஞ்சாம் நாள் எழுந்து நல்லா சாப்பிட்டாரு லா. ரெண்டு நாள் வேலைக்கும் போனாரு. அப்புறம் மறுபடியும் குளிரு. மூச்சு இழுத்தா விலாவுல குத்துதுன்னாரு. துப்புனது செங்கல் தூள் நெறம்.”

“மூக்கு ஒழுகிச்சா? தும்மல்?”

“இல்லையே.”

“ஃபுளூ திரும்பி வந்திருக்கு சார்!” என்றாள் தாதி ஜெயமணி.

“திரும்பி வந்தது ஃபுளூ இல்ல. புறப்படு.”

முத்தாயியும் கூட வந்தாள். வழியில் சோதனைச் சாவடியில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடும் என்று ஜெயமணியின் பையிலிருந்த பிஸ்கட்டைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள்.

தோட்டத்து மருந்தறையில் அப்புசாமியோடு சார்ஜனும் முன்னதாகவே வந்திருந்தார். மரியசூசை நோயாளிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ரங்கசாமிக்கு இரண்டாம் முறை குளிர் கண்ட நாளைத் தேடினார். “சளி, மூக்கு ஒழுகல். வேலைக்குப் போகலாம்” என்று எழுதியிருந்தது. ஓரத்தில் சிறிதாக 38.

ஜெயமணி எட்டிப் பார்த்தாள். “காய்ச்சல் அளவா சார்?”

“காய்ச்சல் அதுக்கான கட்டத்துல இருக்கு, பாரு. நூற்றி நாலு. இது நிமிஷத்துக்கு விட்ட மூச்சு.” அவர் அப்புசாமியைப் பார்த்தார். “வெறும் சளின்னா மூக்கடைக்கும், தும்மல் வரும். பெரிய ஆளுக்கு இப்படிக் காய்ச்சல் அடிக்காது. ஃபுளூ ஒரே நாள்ல ஆளைச் சாய்க்கும், நாலஞ்சு நாள்ல விடும். விட்ட பிறகு மறுபடி குளிர், விலாவுல குத்து, செங்கல் நிறச் சளி, முப்பத்தெட்டு மூச்சு. இது நிமோனியா. நீங்க உட்கார்ந்து எண்ணியிருக்கீங்க அப்புசாமி. தெரிஞ்சேதான் சளின்னு எழுதினீங்க.”

அப்புசாமி தலை நிமிராமலே சொன்னார்.

“பெனிசிலின் அலமாரி சாவி தோட்டத்து மேனேஜர் துரைகிட்ட. மருந்து காட்டுக்குப் போயிடும்னு பூட்டி வச்சிருக்காரு. போய்க் கேட்டேன். ‘பாதிப் பேர் படுத்திருக்கான், இவனும் படுக்கணுமா’ன்னு விரட்டிட்டாரு. நிமோனியான்னு எழுதினா ஊசி ஏன் போடலன்னு என்னைத்தானே கேப்பாங்க?”

“அதுக்காக இந்தப் பொம்பளை மேல பழியா?” என்றாள் ஜெயமணி.

சார்ஜன் நோட்டை மூடினார். “கசாயக் கேசு இல்லம்மா. நீ போகலாம்.” துரையைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

முத்தாயி போகவில்லை. “ஊசி போட்டிருந்தா?”

மரியசூசை சற்றுத் தயங்கினார். “பிழைச்சிருப்பாரும்மா.”

அவள் அழவில்லை. அப்புசாமியை ஒருமுறை பார்த்தாள்; பிறகு மரியசூசை பக்கம் திரும்பினாள்.

“பக்கத்து வீட்டுக் கோமளாவுக்கு நேத்து மறுபடியும் குளிரு கண்டிருக்கு. வந்து மூச்சை எண்ணுங்க ஐயா” என்று சொல்லிவிட்டு லயத்தை நோக்கி முன்னால் நடந்தாள்.