உறைக்குள் போகாத யாழ்

மேற்கு மலைகளின் பின்னே கதிரவன் இறங்கி, அவன் விட்டுச் சென்ற செம்மை முழுவதும் கரைவதற்குள்ளாகவே, கிழக்கே பனந்தோப்புகளுக்கு மேலாக முழுநிலா அவசர அவசரமாக எழும்பிவிட்ட அந்தத் தை மாதத்து மாலை வேளையில், பெண்ணையாறு ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் வெள்ளியாகவும் ஓடிக்கொண்டிருந்தது. வாசகர்களே, அழகைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிடாதீர்கள்! அதோ கடைசிப் பரிசல் புறப்படுகிறது. இதை விட்டால் விடியும்வரை மணல்தான் படுக்கை. சட்டென்று ஏறிக்கொள்ளுங்கள், கால் நனைந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

பரிசலில் நம்மைத் தவிர மூன்று பேர். துடுப்புப் போடுகிறவர் காரி. மூலையில் இரண்டு மிளகு மூட்டைகளோடு ஒரு வணிகன். பனிக்குப் பயந்தோ என்னவோ, தலைப்பாகையின் முனையால் முகத்தைப் பாதி மூடியிருந்தான். நடுவில், தோலுறை போட்ட யாழைக் கைக்குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு, தன் துணி மூட்டையை மட்டும் ஈரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாளே, அவள்தான் நம் கதாநாயகி. திகைச்சுடர் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை வழியில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. சுடர் என்றே அழைத்தார்கள்.

"தனியாவா சுத்தறே அம்மாடி? பாணருங்கன்னா கூட்டமாத்தானே வருவாங்க?" என்றார் காரி, பரிசலின் விளிம்பில் சிறு விளக்கைத் தொங்கவிட்டபடி.

"கூட்டமா வந்தா கெடைக்கிற சோத்தைப் பங்கு போடணும் அண்ணே."

"அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு, பாணருங்க வந்த துறை வழியாத் திரும்பிப் போகமாட்டாங்களாமே! நெசமா?"

"நெசந்தான். திரும்பிப் போனா அந்த ஊர் நம்ம ஊராயிடும். அப்புறம் பாட்டு பாசி புடிச்சிடும்" என்றாள் சுடர். சொல்லும்போது அவள் கண் என்னவோ விட்டு வந்த கரையைத்தான் பார்த்தது. பாறையில் மோதிய அலையொன்று உள்ளே தெறித்தது. மிளகு வணிகன் தன் மேலாடையைச் சட்டென்று நீட்டி யாழின்மேல் பிடித்தான். "நல்லாயிருங்க ஐயா" என்றாளே தவிர, அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. எட்டு ஆண்டுகளாக முகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் அவள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

எட்டு ஆண்டு வழிநடை என்றால் சும்மாவா? எந்தக் கோட்டையில் பாடுவதற்கு முன் சோறு போடுவார்கள், எந்தக் கோட்டையில் பாடி முடிக்கும்வரை வயிற்றைக் காயப் போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எல்லாக் கோட்டை அரையர்களும் அவள் பாடும்போதுதான் சாப்பிடுவார்கள்; உருக்கமான இடம் வரும்போது பார்த்துத்தான் அப்பளம் நொறுங்கும்! போதாக்குறைக்கு அந்த அணில் பாட்டு. ஒரு நாள் மத்தியானம் முருங்கை மரத்தடியில் பொழுது போகாமல் கட்டிய அற்பப் பாட்டு அது. ஊர் ஊராய்ப் போகிற ஓர் அணில், ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொன்றைத் திருடும். அவ்வளவுதான். நெஞ்சைப் பிழிந்து கட்டிய பாட்டுகளை ஒருவரும் கேட்பதில்லை, போகிற இடமெல்லாம் "அணில்! அணில்!" என்று கூச்சல். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே, அவளுக்கு அந்த அணிலின் வாலைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

இன்னோர் இரகசியமும் சொல்லிவிடுகிறேன், உங்களோடு இருக்கட்டும். அவளிடம் இருந்த வாழ்த்துப் பாட்டு ஒன்றே ஒன்றுதான். "வெண்குடை நிழலில் விளங்கிடும்" என்று தொடங்கி, அந்தந்தக் கோட்டைத் தலைவனின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு, "வாழ்கவே" என்று முடித்துவிடுவாள். பெயர் வருகிற இடத்தில் தலைவன் வலக்கையை நெஞ்சில் வைத்து எழுந்து நிற்பான்; அதுதான் அந்நாட்டு வழக்கம். தனக்கென்றே பாடியதாக நினைத்து உச்சி குளிர்ந்தும் போவான்.

ஒரே ஒரு கோட்டையில்தான் வேறு மாதிரி நடந்தது. ஐப்பசி வெள்ளத்தில் துறை அடைபட்டு, மருதங்கோட்டில் இருபது நாள் அவள் தங்க நேர்ந்தது. அங்கே இளந்தலைவன் நாகவேள், அவள் யாழை எடுத்ததும் தன் இலையைத் தள்ளி வைத்தான். அணில் பாட்டை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "மழை நாளில் நரம்பு இறங்குகிறதே, ஏன்?" என்று கேட்டான். ஈரத்தில் அது தளர்ந்துவிடும் என்று அவள் சொன்ன மறுநாளே, யாழ் இருக்கும் மூலையில் ஒரு கணப்புச் சட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. இருபதாம் நாள், "இங்கேயே இருந்துவிடேன்" என்றான். அவள் பாசிக் கதையைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். சொன்னது நாக்குதான், நெஞ்சு அந்தக் கணப்போரத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

மருதங்கோட்டுக் கரை ஊர்களையெல்லாம் சுற்றி முடித்து, இப்போது அவள் போகிற நெடும்பாறைக் கோட்டைக்கும் மருதங்கோட்டுக்கும் மூன்று தலைமுறைப் பகை. ஆற்று நடுவிலுள்ள மணல்திட்டு யாருக்கு என்பது வழக்கு. அதில் நாலு நாணல் தவிர ஒன்றும் முளைக்காது.

நெடும்பாறை மண்டபத்தில் விருந்து களைகட்டியிருந்தது. தலைவர் கோளரி அரையர் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய பசியும் உடையவர். சுடர் உள்ளே நுழைந்ததுமே, "அணில் பாட்டு உண்டல்லவா?" என்று கேட்டுவிட்டார். அவர்முன் தலைவாழை இலை விரிந்திருந்தது. தூண்களின் ஓரமாக வணிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றைப் பார்த்த பெருஞ்சாளரத்தின் அருகே சுடருக்கு இருக்கை. அவள் உறையைக் கழற்றி யாழை வெளியே எடுத்ததும், வாயில் காவலன் உரக்கக் கூவினான்:

"யாழ் வெளிப்பட்டது! அது மீண்டும் உறைக்குள் போகும்வரை, அதன் ஓசை கேட்கும் எல்லைக்குள் எவரும் வாள் உருவலாகாது! எவர்மீதும் கை வைக்கலாகாது!"

மூதாதையர் போட்ட விதி அது. அதை மீறிய கோட்டையில் எந்தப் பாணனும் பிறகு காலெடுத்து வைப்பதில்லை. பாடப்படாத தலைவன் செத்தவனுக்குச் சமம். கோளரி அரையர் தலையாட்டிவிட்டு அவியலில் கை வைத்தார்.

சுடருக்குக் காலையிலிருந்து நடந்த களைப்பு. ஆற்றங்காற்றில் கண் செருகுகிறது. சாளரத்துக்கு அப்பால் மருதங்கோட்டுக் கரை நிலவில் தெரிகிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா? ஆயிரம் முறை பாடிய பாட்டு தானாக ஓடியது.

"வெண்குடை நிழலில் விளங்கிடும் நாகவேள் வாழ்கவே!"

ஐயோ!

அப்பளம் கடித்தவன் வாய் அப்படியே நின்றது. கோளரி அரையர் நெஞ்சில் கை வைத்துப் பாதி எழுந்தவர், எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார். ஆனால் சுடர் அவரைப் பார்க்கவில்லை. தூணோரத்தில் இன்னொரு மனிதனும் வலக்கையை நெஞ்சில் வைத்துப் பாதி எழுந்திருந்தான். மறுகணமே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மிளகு வணிகன்! எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்ததால் வேறு யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அவளுக்கு மட்டும் அந்த முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது.

"பாடினி!" மண்டபம் அதிர்ந்தது. "என் மண்டபத்தில் என் பகைவனுக்கு வாழ்த்தா? உன்னை அவன் வேவுக்கு அனுப்பினானா?"

"நாக்குத் தவறிவிட்டது, அரையரே. களைப்பு."

"நாக்கு சும்மா தவறாது. அவன் ஆள் வேறு யாராவது இங்கே இருக்கிறானா? கை காட்டு, உன்னை விட்டுவிடுகிறேன். காட்டாவிட்டால் அந்த யாழைச் சுக்குநூறாக்கி அடுப்பில் போடுவேன். உறையில் போடு அதை!"

உறைக்குள் போய்விட்டால் விதி முடிந்தது. அப்புறம் யார் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சுடர் யாழை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அந்த யாழ் அவளுக்குச் சோறு, துணை, வீடு எல்லாம். அது போனால் அவள் வெறும் வழிப்போக்கி. ஒரு விரலை நீட்டினால் போதும், யாழ் பிழைக்கும். ஆனால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா? அந்தக் கணப்புச் சட்டியின் சூடு இன்னும் விரலில் இருக்கிறதே!

"ஒருவரும் இல்லை" என்று சொல்லி, அழுகையை அடக்கிக்கொண்டு அவள் உறையை எடுத்தாள்.

"போடாதே, சுடர்!"

மிளகு வணிகன் எழுந்து நின்றான். தலைப்பாகை கீழே விழுந்தது. "அரையரே, பாடினி பிழையாகப் பாடவில்லை. பாட்டுக்கு உரியவன் அவையில்தான் இருக்கிறேன். நான் மருதங்கோட்டு நாகவேள்."

நாற்பது கைகள் வாளின் பிடிக்குப் போயின. போன இடத்திலேயே நின்றன. யாழ் இன்னும் வெளியே இருந்தது.

"வேவு பார்க்கவா வந்தாய்?" என்று உறுமினார் கோளரி அரையர்.

"பாட்டுக் கேட்க வந்தேன். என் கோட்டையில் இருந்துவிடு என்று கேட்டேன், மறுத்துவிட்டாள். சரி, பாட்டு நம்மிடம் தங்காவிட்டால் பாட்டு போகிற இடத்துக்கு நாம் போவோம் என்று மிளகு மூட்டையைத் தூக்கினேன். தண்டனை எனக்கே இருக்கட்டும். அவளை விட்டுவிடுங்கள்."

"பைத்தியக்காரன்!" என்றார் அரையர். பிறகு சுடரின் பக்கம் திரும்பி, "உறையில் போடு!" என்று கத்தினார்.

தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? சுடர் நிமிர்ந்தாள். அவள் பயம் போன இடம் தெரியவில்லை.

"போடுகிறேன், அரையரே. ஆனால் நான் உள்ளே வரும்போதே தாங்கள் அணில் பாட்டு வேண்டும் என்றீர்களே! கேட்ட பாட்டைப் பாடாமல் யாழை மூடினால் என் குலத்துக்கு இழுக்கு. வேளே, தாங்கள் புறப்படலாம். பாட்டு கொஞ்சம் நீளம்."

அவள் விரல் நரம்பில் விழுந்தது.

"முருங்கைக் கொம்பு ஆடுது, மூணு பூவும் உதிருது, யாரடி அந்தத் திருடன்? அணிலடி அம்மா அணிலடி!"

நாகவேள் ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு, சந்தைக்குப் போகிறவனைப்போல் அமைதியாக, வாளின் பிடியில் கை வைத்தபடியே நின்ற வீரர்களின் நடுவே நடந்து வெளியேறினான். அணில் வல்லத்தில் வடையைத் திருடியது. கூடலூரில் குருக்களின் பூணூலைத் திருடியது. எட்டு ஆண்டில் அவள் மிதித்த ஊர்கள் அத்தனையும் ஒவ்வொரு கண்ணியாக வந்து நின்றன. உப்பளம், மாட்டுச் சந்தை, மழை ஒழுகிய சத்திரம், செருப்பு அறுந்த சாலை. எந்த வழிநடையை எண்ணி அவள் அலுத்துக்கொண்டாளோ அதுவே இப்போது வற்றாமல் சுரந்தது. முதலில் பணிப்பெண்கள், பிறகு வணிகர்கள், கடைசியில் வாளில் கை வைத்த வீரர்களே "அணிலடி அம்மா அணிலடி" என்று பின்பாட்டுப் பாடினார்கள். அரையர் பல்லைக் கடித்தார். அணில் நெடும்பாறைக்கு வந்து, பெரிய மீசையொன்றைப் புதர் என்று நினைத்து உள்ளே கூடு கட்டியபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மீசை துடித்தது.

சுடரின் கண் மட்டும் சாளரத்துக்கு வெளியே இருந்தது. கீழே காரியின் பரிசல் விளக்கு ஆற்றில் ஊர்ந்து, மணல்திட்டைச் சுற்றி, அக்கரையைத் தொட்டு, அணைந்தது.

அவள் பாட்டை நிறுத்தினாள். யாழைத் துடைத்து உறையிலிட்டு, கயிற்றை முடிந்து, கோளரி அரையரின் காலடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இனி தங்கள் விருப்பம்."

அரையர் யாழைத் தொடவில்லை. "அவன் உனக்கு என்ன கொடுத்தான்? பொன்னா? ஊரா?" என்றார்.

"ஒன்றும் கொடுக்கவில்லை. நான் பாடும்போது அவர் சாப்பிடவில்லை. அவ்வளவுதான், அரையரே."

கோளரி அரையர் தம் முன்னிருந்த இலையைக் குனிந்து பார்த்தார். பாதி தின்ற அவியல். முப்பது ஆண்டுகளில் எத்தனை பாணர்கள் இங்கே பாடியிருப்பார்கள்? ஒருவர் பாட்டின் ஓர் அடிகூட அவருக்கு நினைவில்லை.

"இலையை எடுங்கள்!" என்று பணிப்பெண்களை அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உறையை அவிழ், அம்மா. இன்னொருவன் பெயர் நுழையாத பாட்டு, எனக்கென்று ஒன்று, கட்ட முடியுமா?" என்றார்.

சுடருக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. அவள் யாழை எடுத்து நரம்பின்மேல் கை வைத்தாள்.

"கட்டுகிறேன். இந்த நரம்பின்மேல் ஆணை! இனி எந்தக் கோட்டையிலும் பெயரை மாற்றிப் போட்டுப் பாடமாட்டேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டு. அந்தப் பழைய வாழ்த்து மட்டும் இனி ஒரே பெயரோடு நிற்கும். அது எந்தப் பெயர் என்று அவையோருக்குத் தெரியும்."

அவையோர் சிரித்தார்கள். அரையரும்தான், மீசைக்குள்.

விடிந்ததும் துறைக்கு வந்தவளைப் பார்த்துக் காரிக்கு வியப்பு. "என்ன அம்மாடி, வந்த துறைக்கே வந்து நிக்கிறே? பாணருங்க திரும்பிப் போகமாட்டாங்கன்னியே!"

சுடர் யாழை மடியில் வைத்துக்கொண்டு பரிசலில் ஏறினாள். "திரும்பிப் போகலை அண்ணே. அரையரு மணல்திட்டைப் பத்திப் பேசலாம்னு ஓலை குடுத்திருக்காரு, கொண்டுபோய்க் குடுக்கணும். எனக்கும் அடுத்த ஊரு அந்தக் கரையிலதான் இருக்கு" என்றாள்.

"அங்கிருந்து?"

"அங்கிருந்து ரெண்டு பேரா நடப்போம். சோத்தைப் பங்கு போட்டுக்கிட்டாப் போச்சு."

காரி சிரித்துக்கொண்டே துடுப்பை எடுத்தார்.